ஆனை இன்னும் குளிக்கவில்லை

பதினோரு ரவுண்டு முடிந்துவிட்டது. எங்கள் ஹவுசிங் யூனிட் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போட்ட சிமெண்டுப் பாதையில், தினமும் நிற்கிற அதே இடத்தில், கேட்டுக்கு நேராக இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு கனிஷ்கா கையை நீட்டுகிறாள். போனைக் கொடு என்று அர்த்தம். நான் கொடுக்காமல் நிற்கிறேன். வாட்டர் பாட்டிலைத் தேடுகிறமாதிரி பையைத் துழாவுகிறேன், முந்தானையை இழுத்துச் செருகுகிறேன், எதிர்வீட்டு மாடியில் காயும் துணியைப் பார்க்கிறேன், அந்த நைட்டிக்குக் கழுத்து ஒரு இன்ச் அதிகமாக வெட்டியிருக்கிறார்கள் என்றுகூட நினைக்கிறேன், இந்த நேரத்தில் எனக்கு இது ஒரு கேடு. அவள் கை அப்படியே நீண்டபடி இருக்கிறது. அவளுக்கு அவசரம் கிடையாது, சந்தேகமும் கிடையாது. பதினோரு ரவுண்டு நடந்தால் ஆனை குளிக்கும். காலையில் சூரியன் வருகிறதைப் போல இதுவும் அவளுக்கு நிச்சயம். போனில் ஒரு ஆனை இருக்கிறது, ஆட்டிசம் பிள்ளைகளை நடக்க வைப்பதற்காக, அவள் போகிற பயிற்சி செண்டரில் போட்டுக்கொடுத்தது. பிள்ளை ஒரு அடி வைத்தால் ஆனையும் ஒரு அடி வைக்கும். காட்டு வழியாக, மூங்கில் புதரைத் தாண்டி, பாறையைத் தாண்டி, அன்றைக்கு நடக்கவேண்டிய அடியெல்லாம் நடந்து முடித்தால் ஆற்றுக்குப் போய்ச் சேரும். தும்பிக்கையில் தண்ணீரை வாரி வாரி முதுகில் அடித்துக்கொண்டு முக்கால் நிமிடம் குளிக்கும். அந்த முக்கால் நிமிடத்துக்காகத்தான் என் மகள் நடக்கிறாள். இந்த ஆனை வரும்வரைக்கும் அவளை எழுப்பி உட்காரவைக்கக்கூட யாராலும் முடியாது, தரையில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள், அவள் சாப்பிடும் மாத்திரை வேறு பசியைக் கிளப்பிவிட்டு, பன்னிரண்டு வயதில் ஐம்பத்தெட்டு கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடக்கவைக்காவிட்டால் மாத்திரையோடு மாத்திரையாக இன்னொன்றும் எழுதவேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். அப்புறம்தான் ஆனை வந்தது, அவள் எழுந்தாள். போனைக் கொடுத்துவிட்டேன், வேறு என்ன செய்வது.

பார்க்கிறாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஆனை மூங்கில் புதரைக்கூடத் தாண்டியிருக்காது. மேலே எண் இருக்கும், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. கீழே இன்னொரு எண் இருக்கும், அன்றைக்கு நடக்கவேண்டியது, எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. அந்தக் கீழ் எண்ணை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்தான். போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கிறாள். "ஆனை குளிக்கல" என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை, பால் பொங்கவில்லை என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுத் திரும்பி, பன்னிரண்டாவது ரவுண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்தேன், டர்க்கி டவல் கொண்டுவந்திருக்கிறேன், வீட்டுக்கு ஓடத் தோதாக கேட்டைத் திறந்துவைத்திருக்கிறேன். இவள் நடப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனை குளிக்கவில்லை என்றால் தான் நடந்தது போதவில்லை என்று எடுத்துக்கொண்டாள். பெற்றவளுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியாத ஒரு பிள்ளை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, புதுச் செருப்பு இல்லை, புது ஷூ, அவள் அப்பா வாங்கிக்கொடுத்தது, வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறாள், எப்போதும் அப்படித்தான் வைப்பாளா, இன்றைக்குத்தானா. நானும் பின்னால் நடக்கிறேன்.

ஆனி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதுதான் ஆரம்பம், அதை யாராவது கேட்டால் முதலில் அதைத்தான் சொல்லவேண்டும், காய்ச்சலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அப்போதுதான் நான் கெட்டவள் இல்லை என்று தெரியும். மூன்று நாள் சேர்ந்தாற்போல நடக்கவில்லை என்றால் ஆனை காட்டுக்குள் திரும்பிப் போய்விடும் என்று செண்டரில் சொல்லியிருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ரோசம் வரட்டும் என்று வைத்திருப்பார்கள் போல. இரண்டு நாள் போய்விட்டது, மூன்றாவது நாள் நூற்றிரண்டு டிகிரியில் படுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், ஆனை ஆனை என்றாள். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுப் பிளவுஸ்களைத் தைத்துக்கொண்டிருந்தேன், என் மெஷின் பழைய கால் மெஷின், மோட்டார் வைக்கவில்லை, சத்தம் கனிக்கு ஆகாது. போன் மடியில் கிடந்தது. மிதிக்க மிதிக்கத் தொடை ஆடியது, தொடை ஆட ஆட எண் ஏறியது. முதலில் பயந்துபோய்ப் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். அப்புறம் எடுத்துத் திரும்ப வைத்தேன். முழங்காலுக்கு மேலே துணிப்பட்டை கட்டி அதில் செருகினால் இன்னும் சுத்தமாக ஏறியது. நாலு பிளவுஸ் முடிந்தபோது ஆனை ஆற்றுக்கு வந்துவிட்டது. தலையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். காய்ச்சல் கண்ணோடு பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள், அவள் எப்போதாவதுதான் சிரிப்பாள், சிரித்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அந்தத் தண்ணீர் இறங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது. அதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் அதையே செய்ததில்தான் தப்பு.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அசதியாக இருக்கிறாளே என்று மிதித்தேன். அதற்கடுத்த நாள் ஆர்டர் நிறைய என்று மிதித்தேன். அப்புறம் அவளும் நடந்தாள், நானும் மிதித்தேன். அந்தப் புரோகிராம் எழுதினவனுக்கு என்ன தெரியும், வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும், பிள்ளை நன்றாக நடக்கிறது என்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டிவைக்கும், தானாகவே. இரண்டாயிரத்தில் ஆரம்பித்தது. கூடக் கூட நான் கூடுதலாக மிதித்தேன், பகலெல்லாம் மிதித்து மிச்சம் இரண்டாயிரத்தை மட்டும் சாயங்காலத்துக்கு வைப்பேன், வெட்டும்போது தையலுக்குத் துணி விடுகிறமாதிரி அளந்து விடுவேன், பதினோராவது ரவுண்டு முடியும்போது கனகச்சிதமாக ஆனை குளிக்கும். பதினைந்து வாரம். அளவில் நான் கெட்டிக்காரி, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வசந்தாமணி வெட்டினால் ஒரு நூல் பிசகாது. செண்டர் சுவரில் பிள்ளைகளின் பெயர் எழுதி, பக்கத்தில் கோடு போட்டு ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார்கள், கனிஷ்காவின் கோடு மட்டும் தாளை விட்டு வெளியே போய், இன்னொரு தாள் ஒட்டவேண்டியதாகிவிட்டது. அதைப் பார்க்கும்போது நானே நம்பினேன். பொய் என்று தெரிந்தே ஒரு பெருமை வருமா என்றால் வரும், நன்றாகவே வரும், நெஞ்சு நிமிரும். ஸ்கூலில் சேர்க்கமாட்டோம் என்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பிய பிள்ளை, கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரி எழுந்து போகிற பிள்ளை, ஒரு சார்ட்டில் முதலில் நின்றால் எந்த அம்மாவுக்குத்தான் வராது. அவர் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். சாயப்பட்டறையில் பி ஷிப்ட் முடித்து வருகிற மனுஷன், என்றைக்கும் வாய்திறந்து பேசாதவர், கடைக்குப் போய் நடக்கிற ஷூ என்று கேட்டு வாங்கி வந்தார்.

ஆவணியில் ஜெனிட்டா மிஸ் என்னைப் பேசச் சொன்னாள். ஜெனிட்டா மிஸ்தான் செண்டரில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி பார்ப்பவள், இருபத்தாறு வயது இருக்கும், எல்லாரையும் அக்கா என்பாள், கனி கடித்த தழும்பு அவள் முழங்கையில் இருக்கிறது, முழுக்கை சுடிதார் தைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சிரித்தவள். மற்ற அம்மாக்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். வாய் என்று ஒன்று இருக்கிறதே. பொறுமைதாங்க முக்கியம் என்றேன். ஒரே நேரத்துக்குக் கூட்டிப்போகணும் என்றேன். கட்டாயப்படுத்தக் கூடாது, பிள்ளையை நம்பணும் என்றேன். நம்பணும் என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள். அந்த அம்மாக்களில் பர்வீன் என்பவள் மட்டும் பின்னால் வந்து, எம் பையன் தொள்ளாயிரத்தத் தாண்டவே மாட்டேங்கிறான்க்கா, நாந்தான் ஏதோ தப்பா பண்றேன் போலிருக்கு என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொள்ளாயிரம் உன் பையன் சொந்தக் காலில் நடந்த தொள்ளாயிரம்டி என்று சொல்லியிருக்கலாம். போகப்போகச் சரியாயிரும் பர்வீன் என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், முதுகு அகலம் பதிமூன்றரை இருக்கும் என்று கை தானாக அளந்தது. அவள் போய் அந்தப் பையனை என்ன பாடு படுத்தினாளோ. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன், இப்போது நடக்க நடக்க எல்லாம் வரிசையில் வருகிறது. பதினான்காவது ரவுண்டு.

இன்றைக்குக் காலையில் செண்டருக்கு ஒரு பட்டை வந்தது. கையில் வாட்ச்மாதிரி கட்டுவது, சின்னத் திரையில் அதே ஆனையின் முகம், நடப்பதும் குளிப்பதும் மட்டும் போனில்தான் தெரியும். இனிமே போனைத் தூக்கிட்டு நடக்கவேண்டாம், இதுதான் எண்ணும், ஃப்ரீயா நடக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே ஜெனிட்டா மிஸ் பிரித்தாள். இனி என் மிதி எதிலும் ஏறாது என்று நினைத்தேன். அடுத்த நொடியே தைரியம் வந்தது, ஏனென்றால் கனி இதையெல்லாம் கட்டமாட்டாள். சட்டைக் காலரில் இருக்கிற லேபிளைக்கூடப் பிய்த்து எறிகிறவள், அவள் துணி ஒவ்வொன்றிலும் லேபிளை நான் பிரித்துத்தான் போடவேண்டும், வளையல் கிடையாது, கொலுசு கிடையாது, காது குத்தி வைத்ததையே ஒரே வாரத்தில் கழற்றிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் கழற்றி மூலையில் வீசுவாள், மிஸ்ஸே சரி போனே இருக்கட்டும் என்பாள் என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கனி கையை நீட்டினாள். ஆனை முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிக்கொண்டாள். மதியம் சாப்பிடும்போதும் கழற்றவில்லை, தூங்கும்போதும் கழற்றவில்லை. அவள் தூங்கும்போது மெதுவாகக் கழற்றி என் கெண்டைக்காலில் கட்டலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், விரலை வைத்ததும் தூக்கத்திலேயே அந்தக் கையை மார்புக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். பர்வீன் பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

தொட்டியைச் சுற்றித் தினமும் நடக்கும், மின்வாரியத்தில் இருந்து ரிட்டயரான பழனியப்பன் எங்களை முந்திக்கொண்டு போகிறார். பாப்பா இன்னைக்கு ஓவர் டைம் போலிருக்குதுங்க என்று சிரிக்கிறார். நானும் சிரித்துத் தொலைக்கிறேன். கனியின் சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. புரட்டாசி வெயில் இறங்கியும் சிமெண்டு அனலைக் கக்குகிறது. பாட்டிலைத் திறந்து வாய்க்கு நேராக நீட்டுகிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனை குளித்ததும்தான் தண்ணீர். அதுவும் நான் பழக்கினதுதான், அன்றைக்குக் காய்ச்சலில் குடித்தாளே, அதிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டாள், நானும் நல்ல பழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். நாலரை மணிக்குக் குடித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அவளுக்கு வலிப்பு வந்தது, பாத்ரூம் வாசலில், கண் மேலே செருகி, வாய் ஒரு பக்கம் கோணி, இரண்டு நிமிடம்தான் என்றார்கள், எனக்கு அது இன்னும் முடியவில்லை. களைத்துப்போகவிடாதீர்கள், தண்ணீர் குறையக் கூடாது என்று நரம்பு டாக்டர் சொன்னார், மறக்காமல் இருக்கத் துண்டுச்சீட்டில் எழுதிக் காலண்டர் ஆணியில் குத்திவைத்தேன். தினமும் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டேதான் மிதித்தேன். அவள் பின்னங்கழுத்து சிவந்திருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, விரல்களை இப்படி மடக்கி மடக்கி விரிப்பது எப்போதும் செய்வதா. வலிப்புக்கு முன்னால் அன்றைக்கும் இப்படித்தான் செய்தாளா. ஞாபகம் இல்லை. கடவுளே, எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.

பதினாறாவது ரவுண்டில் போனில் வேறு ஒரு ஆனை வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினேன், நிஜ ஆனை, நிஜ ஆறு, பாகன் தேய்த்துக் குளிப்பாட்டுகிறான், எவ்வளவு அழகாகக் குளிக்கிறது. அரை நொடி பார்த்தாள். "வேற ஆனை" என்றாள். அவளை ஏமாற்ற முடியாது. இதைச் சிரிப்பு வருகிறமாதிரி நினைக்கிறேன், சிரிப்பு வரவில்லை. பதினேழில் முன்னால் போய் வழியை மறித்துப் பட்டைமேல் கையை வைத்தேன், கழற்றிக் குலுக்கிவிடலாம், அங்கேயே உட்கார்ந்து அரைமணி நேரம் குலுக்கினால் போதும், என் கை ஓயாது. வீல் என்று கத்திக்கொண்டு தன் மணிக்கட்டைத் தானே கடித்தாள். பட்டைக்கு மேலே நாலு பல் பதிந்துவிட்டது. பழனியப்பன் நின்று பார்த்துவிட்டு, பார்க்காததைப் போல கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் கையை எடுத்தேன். கத்தல் நின்றது. நடந்தாள். நிறுத்தித் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் ஐந்து வயதில் தூக்கியதுதான் கடைசி. அவருக்குப் போன் போட்டால் லாக்கரில் இருக்கும், பத்து மணிக்குத்தான் எடுப்பார். எடுத்தாலும் என்ன சொல்வது. ஏங்க, நம்ம பிள்ளை நடக்குதுங்க, நிறுத்த முடியலைங்க. வருடக்கணக்காக ஒரு அடி நடக்கமாட்டாளா என்று வேண்டாத சாமி இல்லை.

அந்தக் கீழ் எண்ணைக் குறைக்க செண்டர் கம்ப்யூட்டரில்தான் முடியும், அது எனக்குத் தெரியும். பத்தொன்பதாவது ரவுண்டில் ஜெனிட்டா மிஸ்ஸுக்குப் போட்டேன். சொல்லவேண்டியதை ரவுண்டு முழுக்க ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன், காய்ச்சலில் இருந்து ஆரம்பித்து. முதல் ரிங்கிலேயே எடுத்தாள், என்னைப் பேசவே விடவில்லை. "அக்கா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். கம்ப்யூட்டர்லயே பாத்துட்டு இருக்கேன்க்கா, கனி நாலாயிரத்தத் தாண்டிட்டா. பேண்ட் கட்டுன மொத நாளே. எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா" என்றாள். டாக்டரிடம் காட்டியிருக்கிறாளாம், மற்ற பிள்ளைகளுக்கும் பட்டை வாங்க இதை வைத்துத்தான் எழுதிக் கேட்கப்போகிறாளாம். என் வாயில் காய்ச்சல் என்கிற சொல் வந்து நின்றது. அதை மென்று முழுங்கிவிட்டு, ஆமாங்க மிஸ் என்றேன். சந்தோஷமுங்க மிஸ் என்றும் சொன்னேன். வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் சந்தோஷத்தில் அழுகிறாள், இந்தப் பக்கம் என் பிள்ளை ஷூவுக்குள் பாதம் கன்ற நடக்கிறது, நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு. இருபது. இருபத்தொன்று. பதினைந்து வாரத்தில் முதன்முதலாக அந்த எண் முழுக்க அவளுடையது என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் உள்ளுக்குள் லேசாகக் குளிர்ந்தது, எவ்வளவு நடக்கிறாள் பார், நடக்கக்கூடியவள்தானே, நான்தான் நம்பவில்லையா, எட்டாயிரமும் நடந்துவிடுவாளோ, நடந்துவிட்டால் நான் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடுமே, யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாமே. இப்படி ஒரு நினைப்பு வந்தது. பெற்றவளுக்கு வந்தது. அப்போதுதான் அவள் வலது காலை முழுக்கத் தூக்காமல் தேய்த்துவைப்பதையும், வெள்ளை சாக்ஸின் குதிகாலில் ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவப்பு ஊறியிருப்பதையும் பார்த்தேன்.

இருபத்தாறாவது ரவுண்டில் மறுபடியும் போட்டேன். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. "மிஸ், அவ நடக்கலைங்க மிஸ்" என்றேன். ஏன்க்கா, இப்பக்கூட ஏறிட்டே இருக்கே என்றாள். "இன்னைக்குத்தான் நடக்கறா. இத்தன நாளும் நாந்தான் மிதிச்சேன்." முதலில் அவளுக்குப் புரியவில்லை. மெஷின் என்றேன், முழங்கால் என்றேன், பதினைந்து வாரம் என்றேன், காய்ச்சலைச் சொல்ல மறந்தே போனேன். குதிகாலில் ரத்தம், தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறாள், எப்படியாவது அந்த எண்ணைக் குறையுங்கள், இப்போதே குறையுங்கள், ஆனை குளித்தால் நின்றுவிடுவாள் என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுவது மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாகப் பேசினாள். "குறைச்சுட்டேன்க்கா. ஆனா அது நாளைக்குக் காலைலதான் வரும். இன்னைக்குக் கணக்கு ஆரம்பிச்சிருச்சு, அத யாராலயும் மாத்த முடியாது." வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. வைப்பதற்கு முன்னால் கேட்டாள். "நெஜமா அவ தினமும் எவ்வளவு நடப்பாக்கா?" பதினோரு ரவுண்டுங்க மிஸ், ரெண்டாயிரம் வரும் என்றேன். "ரெண்டாயிரமே நல்லா இருந்துச்சேக்கா" என்றாள்.

ஓடிப்போய்க் கனிக்கு முன்னால் மண்டியிட்டேன். சிமெண்டுச் சூடு முழங்காலில் ஏறியது, இத்தனை வாரம் போனைக் கட்டிய அதே முழங்கால். என் தலைக்கு மேலாகப் பாதையைப் பார்த்தாள். போதுஞ் சாமி என்றேன். உண்மையைச் சொன்னால் ஒருவேளை புரியுமோ என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதைப் போல அவளிடம் பேசினேன். "இன்னைக்கு ஆனை குளிக்காது தங்கம். அம்மா பொய் சொல்லிட்டேன். நீ நடந்ததே போதும்." என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள், பார்த்தாள். பொய் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது, இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. "அம்மா சொன்னா" என்றாள். "நடந்தா குளிக்கும்." என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். தொட்டியில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டிருந்தார்கள், அது ஒரே சீராக ஓடியது, விளக்கு இன்னும் போடவில்லை, மங்கலில் அவள் வெள்ளை சாக்ஸ் மட்டும் ஏறி இறங்கிப் போனது. எழுந்து பின்னால் நடந்தேன். பாட்டிலைத் திறந்தே பிடித்துக்கொண்டேன், விழுந்தால் பிடிக்கத் தோதாக இன்னொரு கையை அவள் முதுகுக்குப் பின்னால் தொடாமல் வைத்துக்கொண்டேன். போனில் எண் பார்த்தேன். இன்னும் இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது. அதில் ஒரே ஒரு அடியைக்கூட அவளுக்குப் பதிலாக என்னால் நடக்க முடியாது.